எங்கள் ஊர் வரவேற்பு

திருச்செங்கோட்டில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகப் போய்விடுவார்கள். என் கணவர் ஒரு படி மேலே போய், தான்சானியாவுக்கே வண்டி ஏற்றிவிட்டார். "அங்க ஆளைப் புடிச்சுத் தின்னுபோடுவாங்களாமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் திக்கென்றது. எனக்குத் தெரிந்த ஆப்பிரிக்கா ஞாயிற்றுக்கிழமை டிவியில் வந்ததுதான். முகத்தில் கரி பூசிய நம்மூர் நடிகர்கள், கொப்பரையைச் சுற்றி, வாயில் கையைத் தட்டித் தட்டி 'ஊலலலா' என்று ஆடுவார்கள். எங்கள் வீட்டு அடுப்பில் கோழிக்குழம்பு கொதிக்கும், குடும்பமே விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த மத்தியானங்கள் நன்றாகத்தான் இருந்தன, பொய் சொல்வானேன்.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பியவர், கூட வேலை பார்த்த அந்த ஊர் நண்பரையும் அழைத்து வந்தார். புது வண்டி வாங்க வந்த மனிதர் எங்கள் வீட்டில்தான் தங்கினார். ஐந்து வயது மகள் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் தரையில் சம்மணமிட்டு, என் கணவர் பழக்கிவிட்டபடி, "ஏனுங்க சாமி, சாப்ட்டீங்களா?" என்றார். மறுநாள் அவள் அவர் தோளில் இருந்தாள். என் அரிசிம்பருப்புச் சாதத்தை அப்படிக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்ட விருந்தாளி வேறு யாருமில்லை. வீடு கலகலவென்றிருந்த அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

ஒரு மாலை கடைவீதிக்குப் போனோம். டீக்கடையில் நின்ற பையன்கள் அவரைப் பார்த்து, வாயில் கை தட்டி, 'ஊலலலா' என்று கத்தினார்கள். எனக்கு உடம்பு கூசிப்போனது. அவருக்கோ ஒன்றும் புரியவில்லை. அவர் ஊரில் அப்படியொரு சத்தத்தை யாரும் கேட்டதே இல்லையாம். என் கணவர் அங்கே கற்ற அரைகுறை பாஷையில் ஏதோ சொன்னார். நண்பர் முகம் மலர்ந்து, அதேபோல் வாயில் கை தட்டிக் காட்டினார். கடைவீதியே சிரித்தது.

"என்னங்க சொன்னீங்க?" என்றேன்.

"விருந்தாளியை எங்கூர்ல இப்படித்தான் கூப்புடுவாங்கன்னேன். வேறென்ன சொல்லச் சொல்ற?"

இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். போன வாரம் நண்பர் வீடியோவில் கூப்பிட்டார். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறாராம். பிள்ளைகளுக்கு எங்கள் ஊர் வணக்கம் சொல்லிக்கொடுத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். புதுச்சட்டை போட்ட இரண்டு சின்னப் பிள்ளைகள் முன்னால் வந்து, வாயில் கை தட்டி, 'ஊலலலா' என்றார்கள்.

"சொல்லிப்போடுங்கப்பா. இங்க வந்து தெருவுல செஞ்சா என்னாவறது?" என்றாள் மகள். என் கணவர் வாயைத் திறந்தார். அதற்குள் நண்பரின் மனைவியும் வெட்கத்தோடு கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதை மகளிடம் பிடிக்கச் சொன்னேன். இரண்டு கையையும் கூப்பி, "வாங்க" என்றேன். பிள்ளைகளும் என்னைப் பார்த்துக் கை கூப்பினார்கள். பிறகு, அப்பா சொல்லிக்கொடுத்ததையும் விட்டுவிடக் கூடாதென்று, மறுபடியும் வாயில் கை வைத்தார்கள்.