பிரிக்கப்பட்ட கோணல் வரி

கரை கிழிந்திருந்த பழைய துண்டுத்துணிப் போர்வையை, கரையை மட்டும் தைக்கச் சொல்லி ஓர்ஸ் ஹில் தையல் கடையில் கொடுத்திருந்தேன். இன்று அது கஞ்சி மணத்தோடு திரும்பி வந்தது.

"நடுவில ஆரோ பழகாத ஆக்கள் தைச்சிருக்கினம், ஐயா. எல்லாத்தையும் பிரிச்சு மெசினில நேராக்கிப்போட்டன்," என்றார் கடைக்காரர், பெருமையாக.

பழகாத ஆட்கள்தாம். துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வரிசை வீடுகளில் ஒரு குழந்தை பிறக்கப்போகிறதென்றால், வீட்டுக்கு ஒருவர், அதுவும் ஊசி பிடித்தறியாதவர், அதன் போர்வையில் ஒரு வரி தைக்க வேண்டும்; அதை எவரும் திருத்தக் கூடாது. வாடைக்காற்றில் படகுகள் கட்டிக்கிடந்த ஒரு மழைநாளில், பழைய சாரத் துணித் துண்டுகள் பரவிய தரையில் குந்தியிருந்து, என் தங்கைக்காக அப்பா இந்தப் போர்வையில் தைத்த வரி நண்டு ஊர்ந்ததுபோல் வளைந்தது.

"ஒங்கட தோணியும் இப்பிடித்தானா ஓடுற?" என்று பக்கத்து வீட்டு றஹ்மா மாமி கேட்க, துண்டுகளை இணைத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துச் சிரித்து ஊசியைத் தவறவிட்டார்.

அந்த வீடுகள் இடிக்கப்பட்ட திகதி எனக்குத் தெரியும். அவை இருந்ததற்கு என்னிடம் மிஞ்சியிருந்த சாட்சி அந்தக் கோணல் வரிகள் மட்டுமே. அவற்றைப் பிரிக்க இவரிடம் யார் கேட்டார்கள்?

மெசின் தையலை அறுத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் ஊசித் துளைகள் துணியில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் வழியே நூலைக் கொண்டுபோகப் போகிறேன். ஊசி பிடித்தறியாத எனக்கு அந்த உரிமை உண்டு.