அம்மா வாசித்த வைத்தியப் பாட்டு

ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, அம்மாவின் மஞ்சள்காமாலைக்காக பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ஒரு பழைய சித்த வைத்தியப் புத்தகம் வாங்கினேன். முழுக்கப் பாட்டு. ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒன்றும் புரியவில்லை. படுத்திருந்த அம்மாவே வாசித்தார்.

“மருந்து இருக்காம்மா?”

“இருக்கு. ஆனா வயிறு வீங்கி, விக்கலும் நிக்கலனா வைத்தியம் பண்ணாதேன்னும் சித்தர் பாடியிருக்காரு. என்னைப் பாத்தே எழுதின மாதிரி இருக்கு லா.”

“சும்மா இரும்மா! காப்பார் ஊருக்குப் போய் கீழாநெல்லி பறிச்சிட்டு வரேன்.”

“தினமும் மோட்டார்சைக்கிள எடுத்துட்டு ஓடுற. நான் யார்கூடடா பேசுறது? உட்காரு.”

சாவியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். விக்கலுக்கு நடுவே என் சின்ன வயசுச் சேட்டைகளைச் சொல்லிச் சிரித்தார். மறுநாள் போய்விட்டார்.

அந்தப் பாட்டை எழுதியவர்மேல் ரொம்ப நாள் கோபமாக இருந்தேன். அவரும் யாரையோ காப்பாற்ற முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.