என் அண்ணனின் பொறாமையும் வீரமலையின் காம்பஸும்

என் அண்ணன் இருதயநாதன் திருச்சி விமான நிலைய கண்ட்ரோல் டவரில் வேலை பார்க்கிறான். வருகிற விமானத்துக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து இறங்கலாம் என்று சொல்லும் வேலை. சில நாள் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிடுவான்.

“ரோசரி, இன்னைக்கு வீரமலை வந்தான். டக்கோட்டா பிளேனை என்னமா எறக்குறான் தெரியுமா? ஒரு குலுக்கல் இல்ல. அவனுக்கு மட்டும் எல்லாம் தானா அமையுது.”

“நீதானே இறங்கச் சொன்னே?”

“நான் சொல்லாட்டி வேற ஒருத்தன் சொல்லப் போறான்.”

இந்த வயிற்றெரிச்சலை எட்டு வருஷமாகக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் அவனை வேறு யாராவது பொறாமைக்காரன் என்று சொன்னால் சண்டைக்குப் போய்விடுவேன். அந்த உரிமை எனக்கு மட்டும்தான்.

அம்மா நாங்கள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே இறந்துபோய்விட்டாள். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் கிளார்க். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்து நீட்டினாலும் “சரி” என்பார், அவ்வளவுதான். அந்தச் “சரி”யைக் கேட்டே அண்ணன் வளர்ந்தான். யாருக்கு என்ன கிடைக்கிறது என்று எட்டிப் பார்க்கும் குணம் அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

1958ல் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் கிளப்பில் சேர்ந்தான். முசிறி வாழைத்தோட்டக்காரர் மகன் வீரமலையும் அதே வருஷம் சேர்ந்தான். ஸ்ரீரங்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் தென்னூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு சீப்பு ரஸ்தாளி கொண்டுவந்து வைப்பான். “அவன் பழத்தை எவன் திம்பான்” என்பான் அண்ணன். காலையில் பார்த்தால் சீப்பில் பாதி இருக்காது.

படிப்பில் வீரமலை அண்ணனுக்குக் கிட்டவே வர முடியாது. காற்று இத்தனை வேகத்தில் இந்தப் பக்கம் தள்ளினால் மூக்கை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்ற கணக்கை அண்ணன் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுவான். வீரமலைக்கோ பென்சில் முனை தேய்ந்துபோகும். ஆனால் மேலே ஏறிவிட்டால் கதை வேறு. காவிரியையும் கொள்ளிடத்தையும், நடுவே ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தையும் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வருகிறவன் மாதிரி வந்து இறங்குவான். பயிற்சியாளர் கியாசுதீன் சார் அவனைத்தான் முதலில் தனியாகப் பறக்கவிட்டார். அன்று அண்ணன் சாப்பிடவில்லை. தலைவலி என்றான்.

மேற்கொண்டு படித்துப் பெரிய விமானம் ஓட்டுவதற்கு அந்த வருஷம் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது இவர்கள் இருவரில் ஒருவனுக்கு. தனியாகப் புறப்பட்டுத் தஞ்சாவூர், செட்டிநாடு இரண்டையும் தொட்டுத் திருச்சிக்குத் திரும்ப வேண்டும். எவன் வழி பிசகாமல் நேரத்துக்கு வருகிறானோ அவனுக்கு இடம். விமானத்தில் வயர்லெஸ் கிடையாது. கையில் வரைபடம், முழங்காலுக்கு நடுவே காம்பஸ், அவ்வளவுதான்.

அண்ணன் முந்தின நாளே குறையில்லாமல் போய் வந்துவிட்டான். வீரமலையின் நாளன்று நானும் போனேன். அண்ணன் இருந்த இருப்பில் வீட்டில் சோற்றைத் தொடமாட்டான் என்று தெரியும். டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் விமானம் நிறுத்தும் ஹேங்கர் ஓரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். வீரமலைக்குப் பெல்ட் மாட்டிவிட அண்ணன்தான் இறக்கைமேல் ஏறினான். ஏறியவன் குனிந்து எதையோ பார்த்தான். ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு வீரமலையின் தோளில் தட்டிவிட்டு இறங்கி வந்தான். விமானம் கிழக்கே போயிற்று.

அண்ணன் சோற்றைப் பிசைந்தான், வாயில் வைக்கவில்லை. வீரமலை திரும்பியிருக்க வேண்டிய நேரம் தாண்டியது. வானம் புழுதி மூட்டமாக இருந்தது. கியாசுதீன் சார் வெளியே வந்து தெற்கே பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தார்.

“ரோசரி,” என்றான் அண்ணன், தட்டைப் பார்த்துக்கொண்டே. “அவன் கால்சட்டைப் பையில இரும்பு இருந்துச்சு.”

“என்ன இரும்பு?”

“தெரியல. பெல்ட் இழுக்கும்போது கையில தட்டுச்சு. காம்பஸைப் பார்த்தேன். நேத்து அதே இடத்துல நான் நின்னப்ப முள்ளு காட்டின திசை வேற. இரும்பு பக்கத்துல இருந்தா முள்ளு இழுத்துக்கிட்டுப் போயிடும்.”

“அவன்கிட்ட சொன்னியா?”

அவன் சோற்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான்.

“அண்ணே, சொன்னியா இல்லியா?”

“கொஞ்சம் சுத்தட்டும்னு நெனைச்சேன். கொஞ்சம் லேட்டா வரட்டும்னுதான். இப்ப போய்ச் சொன்னா, பார்த்தும் ஏன் சும்மா இருந்தேன்னு கேப்பாங்க. சீட்டு போயிடும், ரோசரி.”

எனக்கு வந்த கோபத்தில் கேரியரைத் தூக்கி அவன் தலையில் போட்டிருப்பேன். “பெட்ரோல் தீர்ந்தா அவன் என்ன ஆவான்?” என்று மட்டும் கேட்டேன். அவன் கையைக்கூடக் கழுவவில்லை. எச்சில் கையோடு எழுந்து ஓடினான்.

கியாசுதீன் சாரின் மேஜையில் வரைபடத்தை விரித்து அண்ணன் பேசியது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. “தஞ்சாவூருக்கு ரயில் பாதையைப் பார்த்தே போயிருப்பான் சார். செட்டிநாட்டுக்கும் கண்மாய்ங்களைப் பார்த்துப் போயிருப்பான். திரும்பி வரும்போதுதான் மூட்டம். காம்பஸை நம்பி வந்திருப்பான். அது அவனை இடது பக்கம் இழுத்திருக்கும். அந்தக் கோட்டுல விராலிமலை வருது. மூட்டத்துல மலையும் மேல கோயிலும் தெரிஞ்சா மலைக்கோட்டைன்னுதான் நெனைப்பான். மலைக்கோட்டைக்குத் தெற்கேதானே ஏர்போர்ட்டு? அதைத் தேடி இன்னும் தெற்கேதான் போயிருப்பான். மருங்காபுரிப் பக்கம் பாருங்க சார்.”

“இரும்பு இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?”

அண்ணன் சொன்னான், ஒன்றையும் மறைக்காமல். கியாசுதீன் சார் அவனை ஒரு தரம் பார்த்தார். திட்டவில்லை. இன்னொரு விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மருங்காபுரிக்குப் பக்கத்தில் வறண்ட ஏரியொன்றில் வீரமலை விமானத்தை இறக்கியிருந்தான். ஒரு சக்கரம் ஒடிந்திருந்தது, நெற்றியில் காயம். ஏரியைச் சுற்றி ஊரே திரண்டு நின்று அவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்ததாம். “அதுலயும் அவனுக்கு மரியாதை” என்றான் அண்ணன். ஆனால் செய்தி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அவன்தான்.

வீரமலைக்குக் காயம் ஆறியதும் இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. இடமும் கிடைத்தது. அண்ணன் பெயரைக் கியாசுதீன் சார் அடித்துவிட்டார். அது நியாயம்தான் என்று நான் சொன்னேன். என்னோடு பல நாள் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வீரமலையின் அம்மா வேலம்மாள் முசிறி பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு தார் ரஸ்தாளியைக் கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு அண்ணனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நீங்கதான் எம்புள்ள இருந்த எடத்தச் சொன்னீங்களாமே தம்பி. நல்லா இருப்பீங்க.”

மகன் அவரிடம் மற்றதைச் சொல்லவில்லை என்று புரிந்தது. அண்ணன் முகம் வெளிறிப்போயிற்று. வேலம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கறுப்புத் துணியில் தைத்த ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே மாட்டு லாடம்.

“கண்ணு படக்கூடாதுன்னு ரெண்டு லாடம் தச்சுக் குடுத்தேன். அவனுக்கு ஒண்ணு, ஒங்களுக்கு ஒண்ணு. நீங்க மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க, சிரிப்பீங்கன்னு வெக்கப்பட்டு ரெண்டையும் அவனே பையில போட்டுக்கிட்டானாம். அதான் அந்த முள்ளு அப்படிக் கெட்டுச்சுன்னு ஒங்களுக்குக் கத்துக்குடுக்குற பெரியவர் சொன்னாரு. பறக்கும்போது வேணாம். வீட்டுல வச்சுக்குங்க.”

“எனக்கா?” என்றான் அண்ணன். “எம்மேல யாரும்மா கண்ணு வைக்கப் போறாங்க?”

“நல்லாக் கேட்டீங்க! ஊருக்கு வந்தா எம்புள்ளைக்கு ஒங்க பேச்சுதான். இருதயம் மாதிரி எனக்குக் கணக்கு வரலியே, அவன் மூளை எனக்கு இல்லியேன்னு பொலம்பித் தீத்துருவான். பெத்தவ எனக்கே பொறாமையா இருக்கும்.”

அண்ணன் லாடத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவரை பஸ் ஏற்றிவிட்டு வரும் வழியெல்லாம் லாடத்தைக் கையிலேயே வைத்திருந்தான். அழுகிறானோ என்று பார்த்தேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றான்.

“பாத்தியா ரோசரி,” என்றான். “அம்மாகூட அவனுக்குத்தான்.”