தண்ணீர் வைக்காத குடோன்

எங்கள் குடோனுக்குள் தண்ணீர்ப் பாத்திரம் நுழையக் கூடாது. அப்பா காலத்திலிருந்தே அதுதான் சட்டம். உளுந்தும் துவரையும் அடுக்கியிருக்கிற இடத்தில் ஒரு செம்பு கவிழ்ந்தால் போதும், அடி மூட்டை பூசணம் பூத்துவிடும். அருப்புக்கோட்டை வெயிலில் மூட்டை தூக்குகிறவர்களே வாசலுக்குப் போய்த்தான் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். எலிக்காக நாங்கள் வளர்த்த கடுவன் பூனைக்கும் அதே சட்டம். கருவாட்டுத் தலையைப் போட்டுக் கதவைப் பூட்டினால் அதன் பாடு முடிந்தது. அதற்கும் தாகம் எடுக்குமே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

போன கோடையில் அது மூட்டை மேல் ஏறிக் குந்த ஆரம்பித்தது. மூத்திரம் போக மூலையில் மணல் தட்டு இருக்கும்போது இதற்கு உளுந்து மூட்டைதான் கிடைத்ததா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளக்குமாற்றால் ரெண்டு போட்டேன். ஓடிப்போய் அடுத்த மூட்டையில் குந்தியது. மறுபடியும் போட்டேன். தடவிப் பார்த்தால் மூட்டையில் ஈரமே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஏங்க, அது முக்குதுங்க. மலச்சிக்கலா இருக்கும்" என்றாள் மனைவி. ரெண்டு பேருமாகப் பிடித்து வாயில் விளக்கெண்ணெய் ஊற்றினோம். வைத்தியம் பார்த்தாயிற்று என்ற நிம்மதியில் நான் சரக்கு பார்க்க எம்.ரெட்டியபட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் அது வாந்தி எடுத்துத் தரையில் கிடந்தது. தூக்கினால் கத்தியது. கூடையில் வைத்து ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம். வயிற்றில் கை வைத்ததுமே டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது.

"மூத்திரம் எப்பப் போச்சு?"

"தெரியலம்மா. வெளிக்கிப் போகலைன்னு வெளக்கெண்ணெய் குடுத்தோம்."

"இது மூத்திர அடைப்புங்க. தொட்டுப் பாருங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும், உயிரும் போயிருக்கும்."

தொட்டேன். வயிற்றுக்குள் சாத்துக்குடி அளவுக்குக் கெட்டியாக ஏதோ இருந்தது. இதையா விளக்குமாற்றால் அடித்தேன்?

மயக்க ஊசி போட்டு மெல்லிய குழாய் விட்டார். ரத்தமும் பொடி மணல் மாதிரிக் கல்லுமாக மூத்திரம் வந்தது.

"தண்ணி எங்க வைக்கிறீங்க?"

"குடோனுக்குள்ள தண்ணியே வைக்க மாட்டோம்மா" என்றேன், யாரிடமும் சொல்கிற அதே பெருமையோடு. சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. டாக்டரம்மா குனிந்து குழாயைச் சரிசெய்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்று நாள் குழாயோடு சலைன் ஏறியது. குழாயை எடுத்த அன்று சொன்னார்: "கருவாட்டை நிறுத்துங்க. வேக வச்ச கோழிய அந்தத் தண்ணியோட குடுங்க. நாலு எடத்துல குடிக்கத் தண்ணி வைங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அதுவா மூத்திரம் போகணும். போகலைன்னா உடனே தூக்கிட்டு வாங்க. ஆனா இன்னொரு தடவை தாங்குமான்னு சொல்ல முடியாது."

குடோனில் நாலு மூலையிலும் நானே கிண்ணம் வைத்தேன். கடுவன் கொஞ்சம் நக்கியது. பிறகு தள்ளாடி உளுந்து மூட்டையில் ஏறிக் குந்தியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அப்படியே குதித்து ஓடி ஒளிந்துகொண்டது. என் கையில் விளக்குமாறு இல்லை. நான் இருந்ததே அதற்குப் போதும்.

வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு வெயிலில் நின்றேன். பொழுது சாய்கிற நேரத்தில் உள்ளே போய் மூட்டையில் கை வைத்தேன்.

நனைந்திருந்தது. கையை எடுக்க மனம் வராமல் மனைவியைக் கத்திக் கூப்பிட்டேன்.