மாஸ்டரும் பெஞ்ச்காரரும்

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பதினாறு வருஷமாக ஒரே வெள்ளைக் கார், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக், ஒரு கிளட்ச். நான் முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்து லைசென்ஸ் விண்ணப்பங்களை நிரப்புகிறவள். ஃபாரம் அக்கா என்று எனக்குப் பெயர். மாஸ்டர் உட்காரும் இடத்துக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அவர் போனில் பேசுவதெல்லாம் என் காதில் தானாக விழும். விழாததைப் பிற்பாடு அவரே சொன்னார். மிச்சம் மீதியை அவருடைய மகள் சொன்னாள்.

அவர் மனைவி பெரிய மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடும் அறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர். செயற்கைக் கால் செய்யக் கற்றுக்கொண்டு வர ஒருவரைப் பக்கத்து நாட்டுக்கு அனுப்புவதென்று மருத்துவமனை முடிவு செய்தபோது, அந்த அம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வருஷப் படிப்பு. இங்கே அது கிடையாது. குடும்பத்தில் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வேண்டுமென்றார்கள். மாஸ்டர் என்னிடம் எழுதி வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பெரிய மனசு என்று தெருவே அவரைப் புகழ்ந்தது. ஒரு மாதம் அந்தப் பெரிய மனசோடு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். உண்மையைச் சொன்னால், அந்தக் கடிதத்தை எழுதும்போது வயிறு எரிந்தது எனக்குத்தான். முப்பத்தெட்டு வயதில் ஒருத்திக்குப் புது நோட்டும் புத்தகமும் வாங்குகிற பாக்கியம் கிடைக்கிறதே என்று.

பக்கத்து நாட்டுக்காரர்களைப் பற்றி எங்கள் தெருவில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்; ஒருவரும் அங்கே போனதில்லை. அவர்கள் தேனாகப் பேசுவார்கள், ஆனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். தெரு சுத்தமாக இருக்கும், மனசில் ஈரம் இருக்காது. அங்கே போன பெண்கள் திரும்பி வரும்போது பழைய ஆளாக வரமாட்டார்கள். இந்தக் கடைசி விஷயத்தை மாஸ்டரிடம் சொன்னது எதிர்ச்சாரி டயர் கடைக்காரர். மாஸ்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அவர்கள் பேச்சும் நம் பேச்சும் பாதிக்குப் பாதி ஒன்றுதான். அதில்தான் வம்பே. பாதி புரிவதால் முழுக்கப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

முதல் மாதம் அந்த அம்மா போனில் அழுதார். இரண்டாம் மாதம் குறை சொன்னார். நம் ஆட்கள் எல்லாம் கூட்டத்தில் இடிப்பவர்கள், கத்திப் பேசுபவர்கள், எதையும் இலவசமாகக் கேட்பவர்கள் என்று அங்கே ஒரு எண்ணம் இருக்கிறதாம். விடுதியில் தண்ணீர் வராவிட்டால் கூட இவர் முகத்தைத்தான் பார்ப்பார்களாம். மாஸ்டருக்கு அதைக் கேட்பதில் ஒரு திருப்தி இருந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து பேச்சு மாறியது. இங்கே எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள், இங்கே ஆசிரியரை நிறுத்திக் கேள்வி கேட்கலாம், இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை. ஹாரன் விஷயம் மாஸ்டரைச் சுருக்கென்று தைத்தது. அது அவருடைய தொழில் அல்லவா. அன்றைக்கு வகுப்புக்கு வந்த வங்கி ஊழியர் ஒருவர் பயந்து பயந்து ஓட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர், "நல்லா அடிங்க சார் ஹாரன. இது அந்த நாடு இல்ல" என்று அதட்டியிருக்கிறார். எந்த நாடு என்று அந்த மனிதருக்கு விளங்கவே இல்லை. என்னிடம் வந்து கேட்டார்.

அப்புறம் வந்தது பெஞ்ச்காரர் கதை. அங்கே பட்டறையில் இரண்டு பேருக்கு ஒரு வேலை பெஞ்ச். அந்த அம்மாவின் பெஞ்சில் பங்காளி உள்ளூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். எலும்பு, தசை என்று வாயில் நுழையாத பெயர்களை எல்லாம் அவர் இவருக்குச் சொல்லித் தருவார். இவர் அவருக்கு மாவு குழைக்கக் கற்றுத் தருவார். அந்த அம்மா இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். ஒளித்திருந்தால் கூட மாஸ்டருக்கு நிம்மதியாக இருந்திருக்குமோ என்னவோ. அது தப்பென்று கத்தலாம். மறைக்காத விஷயத்துக்கு எப்படிக் கத்துவது?

ஒரு படம் அனுப்பியிருந்தார். முழங்கை வரை மாவு அப்பிய இரண்டு பேர், நடுவில் செய்து முடித்த முதல் கால். மாஸ்டர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். என்னிடமும் காட்டினார்.

"இந்த ஆள் மூஞ்சியப் பாத்தா உங்களுக்கு என்னக்கா தோணுது?"

நல்ல களைப்பாக இருக்கிறார் என்று தோன்றுவதாகச் சொன்னேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஐந்தாம் மாதம் அங்கே பத்து நாள் விடுமுறை. வருவாயா என்று கேட்டார். "பாக்கலாம்" என்றார் அந்த அம்மா. மாஸ்டர் அன்றே கொத்தனாரைக் கூப்பிட்டுச் சமையலறைச் சுவரைப் பூசச் சொன்னார், சுண்ணாம்பு அடித்தார், என்னிடம் மூன்று நாள் விடுப்புக்கும் சொல்லி வைத்தார். மகள் வாசலிலேயே நின்றாள். விடுமுறை தொடங்கி இரண்டாம் நாள் போன் செய்து கேட்டால், வர முடியாது என்று அப்போதே சொன்னேனே என்கிறார். எப்போது சொன்னாய் என்று இவர் கேட்க, பாக்கலாம் என்று சொன்னேனே என்கிறார். அந்த நாட்டில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லையாம். பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தமாம். அந்த அம்மாவுக்கே தெரியாமல் அந்தப் பழக்கம் நாக்கில் ஏறியிருக்கிறது. மாஸ்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வேறு யாரோ தன் மனைவியின் வாயிலிருந்து பேசுவது போல இருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

விடுமுறை முடிந்த அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினார். பதின்மூன்று வயது மகளை என் வீட்டில் விட்டார். அந்தப் பெண்தான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா அம்மாவ வேவு பாக்கப் போறாரு அத்தை. என்னையும் லீவு போட்டுட்டு வரச் சொல்லலேன்னு சந்தோஷம்."

எல்லையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி முத்திரை குத்தும் கூடத்தில் விட்டார்கள். நம் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே ஜன்னலை நோக்கிப் பாய்ந்தார்கள். மாஸ்டர் தனியாக, ஒழுங்காக, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றார். தன்னையும் அந்தக் கும்பலோடு சேர்த்துவிடக் கூடாது என்று. அங்கிருந்த அதிகாரி பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். பாதி புரிந்தது: சந்தை வந்துவிட்டது என்கிற மாதிரி. மாஸ்டரை ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசி ஆளாக முத்திரை வாங்கினார். கோட்டுக்குப் பின்னால் நின்றதற்கு மிச்சம் அதுதான் என்று நினைத்தபோது, தன் நாட்டுக்காரர்கள் மேலும் கோபம் வந்தது, அந்த நாட்டுக்காரர்கள் மேலும் கோபம் வந்தது.

நகரத்தில் இறங்கிச் சாலையைக் கடக்கப் போனார். அங்கே வண்டிகள் நமக்கு எதிர்ப்பக்கம் போகும். பன்னிரண்டு வருஷமாக ஊருக்கே சாலை விதி சொல்லிக்கொடுத்த மனிதர், பழக்கத்தில் தப்பான பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைத்தார். ஒரு வேன் உரசிக்கொண்டு போனது. ஹாரன் அடிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு காய்கறிக்காரி சட்டையைப் பிடித்து இழுத்து, எந்த நாட்டுக்காரர் என்று கேட்காமலே தெரிந்துகொண்டு, மிக மரியாதையாகக் கடிந்துகொண்டாள். அந்த மரியாதை வேனைவிட அதிகமாக உறைத்தது.

பட்டறை ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். சுவரெல்லாம் வெள்ளைத் தூள். ஒரு பக்கம் பாதம், முழங்கால், தொடை என்று அச்சுகள் அடுக்கியிருந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்தார். இடுப்பு உயரத்தில் இரண்டு இரும்புக் கம்பிகள். அவற்றுக்கு நடுவே, இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒரு தையல்காரப் பெண் புதுக் காலில் நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மனைவி தரையில் மண்டியிட்டு, சின்னச் சாவியால் அந்தக் காலின் கணுவை முடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெஞ்ச்காரர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். டார்ச் ஆடியது. உடனே அந்த அம்மா தலையைத் தூக்காமலே அவரை அதட்டினார். அவர்கள் மொழிதான். ஆனால் அந்த அதட்டல் மாஸ்டர் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது. கரண்டியைக் கழுவாமல் வைத்தால் விழுகிற அதே அதட்டல். சிரிப்பையோ கொஞ்சலையோ காண அவர் தயாராக இருந்தார். இதற்குத் தயாராக இல்லை. பதினைந்து வருஷமாகத் தனக்கு மட்டுமே வந்துகொண்டிருந்த ஒன்று வேறொருவனுக்கும் போகிறதே என்று பொறுக்கவில்லை.

தையல்காரப் பெண் குனிந்து தன் காலையே பார்த்து நடந்தாள். அப்போது பெஞ்ச்காரர் அவளிடம் சொன்னார்: "காலப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க."

மாஸ்டர் அதிர்ந்து போனார். அது அவருடைய வாக்கியம். பெடலைக் குனிந்து பார்க்கிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்வது. ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வார். மனைவி அதை இங்கே கொண்டுவந்து நோயாளிகளிடம் சொல்லி, இப்போது பட்டறை முழுக்க அது ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொருவராக இருந்தால் மனம் இளகியிருக்கும். இவருக்கோ, என் பேச்சைக் கூட எடுத்து ஊருக்குத் தானம் கொடுத்துவிட்டாளே என்றுதான் இருந்தது.

முதலில் அவரைக் கண்டுகொண்டது பெஞ்ச்காரர். படத்தில் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. மாஸ்டர் என்று கூப்பிட்டபடி மாவுக் கையோடு ஓடிவந்து கையைப் பிடித்தார். அந்த அம்மா எழுந்து பார்த்தார். முகத்தில் சந்தோஷமும் வந்தது, சட்டென்று சந்தேகமும் வந்தது. நோயாளியை முடித்துவிட்டு வருவதாகச் சைகை காட்டிவிட்டு மறுபடி மண்டியிட்டார்.

அந்த அரை மணி நேரம் மாஸ்டரை உணவு விடுதிக்கு அழைத்துப்போய் எதிரே உட்கார வைத்தவர் பெஞ்ச்காரர்தான். கொஞ்ச நேரம் உபசாரம். அப்புறம் அந்த நாட்டுக்காரர்களுக்கு வழக்கமில்லாத விதத்தில் அவர் மனதைத் திறந்தார்.

"உங்க வீட்டம்மா வந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல மாஸ்டர். ஒன்பது வருஷக் கை. அவங்க ஒரு தடவ தடவினா அச்சு சரியா வருது, நான் நாலு தடவ உடைக்கறேன். எங்க வீட்ல தெனமும் அவங்களச் சொல்லித்தான் என்னத் திட்றாங்க."

இன்னொன்றும் சொன்னார். வெளிநாட்டுக்காரர்களுக்கென்று ஐந்து இடம் ஒதுக்கியதால் அவருடைய தம்பிக்கு அங்கே இடம் கிடைக்கவில்லையாம். நீங்கள் வருவீர்கள், எங்கள் இடத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வீர்கள், முதல் மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டாம். தானும் அப்படித்தான் பேசியதாக, வெட்கப்படாமல் சொன்னார்.

மாஸ்டருக்கு மாதக்கணக்கில் இல்லாத பசி எடுத்தது. இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். தன் மனைவியைப் பார்த்து ஒருவன் இப்படி வேகிறான் என்பதில் அவ்வளவு குளிர்ச்சி. அதை என்னிடம் சொல்லும்போது கூட அவருக்கு முகம் மலர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி நீடிக்கவில்லை. அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவரைப் பட்டறைக்குப் பின்னால் மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"என்னப் பாக்க வந்தீங்களா, பிடிக்க வந்தீங்களா?"

மாஸ்டர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது வேறு கேள்விகள். வாயில் வந்தது வேறொன்று.

"அந்த ஆள் மேல பொறாமைன்னு நெனச்சுத்தான் வந்தேன். அவன் மேல இல்ல. உன் மேலதான். நீ புதுசு புதுசா என்னென்னவோ கத்துக்கற. நான் அதே மூணு தெருவுல அதே கிளட்ச மிதிச்சுக்கிட்டு இருக்கேன். தாங்க முடியல."

அந்த அம்மா அவரைத் தேற்றவில்லை.

"தெரியும். அதனாலதான் போன்ல பாதி விஷயம் சொல்றதே இல்ல. எனக்கு மார்க் வந்தா உங்க குரல் எறங்கிடுது. அழுதா நல்லாப் பேசறீங்க."

அதைவிட அவர் கன்னத்தில் அறைந்திருக்கலாம் என்றார் மாஸ்டர். பிறகு அந்த அம்மா, இனிமேல் முடியாது என்றால் முடியாது என்றே சொல்வதாக ஒப்புக்கொண்டார். இவர், மதிப்பெண் வந்தால் குரலை இறக்காமல் இருக்க முயற்சி செய்வதாகச் சொன்னார். முயற்சி என்றுதான் சொன்னார், சத்தியம் செய்யவில்லை.

அதற்கப்புறம் அவர் மகாத்மா ஆகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மதிப்பெண் வந்த நாட்களில் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமிச் செருமிக் குரலைத் தூக்கி நிறுத்துவதை நான் கேட்டிருக்கிறேன். கேட்கவே பாவமாக இருக்கும். மாலை வகுப்பில் மோட்டார் மெக்கானிக் படிப்புக்குச் சேர்ந்தார். முதல் தடவை தேர்வில் கோட்டை விட்டார்; மகள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்தாள். இரண்டாம் தடவை தட்டுத் தடுமாறித் தேறினார். அந்தச் சேதியைச் சொன்னபோது மறுமுனையில் அந்த அம்மா ஒரு நிமிஷம் பேசவே இல்லையாம். பொறாமையா என்று கேட்டிருக்கிறார் மாஸ்டர். கொஞ்சம் என்றாராம். அதைத்தான் மூன்று நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த அம்மா படிப்பை முடித்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மருத்துவமனையில் அவருக்குத் தனிப் பட்டறை. வரிசையில் நிற்காதவர்களைக் கண்டால் கரித்துக்கொட்டுவார். அதனால் அங்கே அவருக்கு வெளிநாட்டம்மா என்று பெயர். சந்தேகம் வந்தால் பெஞ்ச்காரருக்குத்தான் போன் போடுவார். அப்போது மாஸ்டர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவாராம். காது மட்டும் உள்ளேயே இருக்கும் என்கிறாள் மகள்.

இந்த வாரம் பெஞ்ச்காரர் இங்கே வருகிறார். குழந்தைகளுக்குக் கால் செய்யும் விதத்தை அந்த அம்மாவிடம் கற்றுக்கொள்ள மூன்று வாரப் பயிற்சியாம். அவர்கள் நாட்டு மருத்துவமனையே அனுப்புகிறது. தங்குவது மாஸ்டர் வீட்டு மாடி அறையில். பத்து நாளாக மாஸ்டர் புலம்பிக்கொண்டே அந்த அறைக்குக் கட்டில் போட்டார், கொசுவலை கட்டினார், குழாயை மாற்றினார். இன்று மத்தியானம் பஸ் நிலையத்துக்குக் கிளம்பும் முன் என் மேஜைக்கு வந்தார். புதுச் சட்டை. கண்ணாடியில் பார்த்து இரண்டு தடவை தலை வாரினார்.

"அந்த ஆள் என்னைவிட உயரமாக்கா?" என்று கேட்டார்.

நீங்கள்தானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள் என்றேன். அன்றைக்கு உட்கார்ந்தே பேசிவிட்டோம், சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, வெள்ளைக் காரின் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.