டெசாருவுக்குப் போய் தட்டுப் பிடித்துவிட்டு வந்தோம்

ஜொகூரில் மாசாயிலிருந்து டெசாரு கடற்கரைக்கு ஒரே நாளில் போய்வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடல் நன்றாக இருக்கிறது. நாங்கள் போன காரியம்தான் நன்றாக இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிரித்துச் சொல்ல வராது.

பாசிர் கூடாங் ஃபேக்டரிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேன் மூன்று என்னிடம் இருக்கிறது. வீட்டுக்காரர் போன பிறகு நானே நடத்துகிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். என் பேத்தி தர்ஷினி பட்டம் வாங்கியவள், சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கம்பெனியில் இருக்கிறாள். எந்த லாரி எந்த வழியாகப் போனால் நேரம் மிச்சம் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. போன தீபாவளி லீவில் உட்கார்ந்து என் மூன்று வேனுக்கும் வழியை மாற்றிக் கொடுத்தாள். இப்போது வேன் எங்கே வருகிறது என்று வேலைக்குப் போகும் பெண்கள் போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். மழையில் ரோட்டோரம் நிற்கிற கஷ்டம் இல்லை. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேன் உரிமையாளர் சங்கத்தில் கறுப்பு முடியைப் பார்த்தால் அது சாயம் என்று அர்த்தம். "இளம் நிபுணர்களைச் சங்கத்துக்குக் கொண்டுவருவோம்" என்று டெசாருவில் ஒரு ஹோட்டல் மண்டபம் எடுத்துக் கூட்டம் போட்டார்கள். செயலாளர் கணேசன் எனக்கே போன் செய்தார். "அக்கா, உங்க பேத்திய கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. பத்து நிமிஷம் பேசட்டும். நம்ம ஆளுங்களுக்குப் புத்தி வரட்டும்."

தர்ஷினியிடம் சொன்னேன். "பாட்டி, சிங்கப்பூர்ல எனக்குப் பெரிய பதவி தராங்க. ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்ன உங்க சங்கத்த ஒருதடவ பாத்துடறேன். மூணு வேன வெச்சுக்கிட்டு பெரிய பஸ் கம்பெனியோட மோத முடியாது. நாலு பேரு வேன சேத்து ஓட்ட ஒத்துக்கிட்டா, நான் வேலைய விட்டுட்டு வந்து நடத்தறேன். இல்லன்னா வித்துடுங்க. உங்களுக்கும் வயசாயிடுச்சு லா."

நியாயமான பேச்சு. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு சண்டை. அவள் ஆபீஸுக்குப் போடுகிற பேண்ட் சட்டையில் நின்றாள். "சங்கத்துக் கூட்டம், பெரியவங்க எல்லாம் வருவாங்க. புடவைதான் மரியாதை" என்று என் மாம்பழ நிறப் பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள். கட்டியதும் அவ்வளவு அழகு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசாயில் காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் பொட்டலம் இரண்டு வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலை ஏறினோம். அந்த நேரத்தில் கார் குறைவு, இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். ஜொகூர் ஆற்றுப் பாலம் வரும்போது வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், கீழே ஆறு கடல் மாதிரி விரிந்து கிடக்கும். பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. தர்ஷினி ஓட்டிக்கொண்டே தன் பேச்சை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், எட்டேகாலுக்கு மண்டபத்தில் இருந்தோம்.

வாசலில் கணேசன் நின்றார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அலமாக்! நல்ல நேரத்துல வந்த மா. தட்டுப் பிடிக்க ஆள் இல்லாம முழிச்சிட்டிருந்தோம். புடவையோட வேற வந்திருக்க!" சந்தனமும் பன்னீரும் கற்கண்டும் வைத்த தட்டை அவள் கையில் கொடுத்தார்.

"அங்கிள், நான் பேச வந்திருக்கேன்" என்றாள்.

"பேசலாம் மா, பேசலாம். டத்தோ வந்துடட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தானே என்று நான் கண்ணாலேயே சொன்னேன்.

ஒன்பதுக்குத் தொடங்க வேண்டிய கூட்டம், சிறப்பு விருந்தாளியான டத்தோ பட்டக்காரர் வந்து பத்தரைக்குத் தொடங்கியது. அதுவரை வந்தவர் போனவருக்கெல்லாம் அவள் பன்னீர் தெளித்தாள். அவளைத் தவிர இன்னும் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் மைக் ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் வெயிலில் நின்று கார் நிறுத்த இடம் காட்டினார். அவர் வக்கீல் என்று சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது.

பிறகு பொன்னாடை. டத்தோவுக்கு ஒன்று, அவரோடு வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று, பழைய தலைவர்கள் அத்தனை பேருக்கும் ஒவ்வொன்று. ஒருவருக்குப் போர்த்தி முடிக்கும் முன்னால் அடுத்தவர் பேரைக் கூப்பிட்டார்கள். சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்து, "இளைஞர்களே, ஏன் சங்கத்துக்கு வர மாட்டேங்கிறீங்க?" என்று முக்கால் மணி நேரம் கேட்டார். இளைஞர்கள் தட்டையும் ஒயரையும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் என் பேரையும் கூப்பிட்டார்கள். மூத்த பெண் உறுப்பினர் என்று மரியாதை. மேடைக்குப் போனேன். தலைவர் பொன்னாடையை எடுத்த தட்டு தர்ஷினியின் கையில் இருந்தது. போட்டோ எடுப்பவர், "தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்குது" என்றார். அவள் தள்ளி நின்றாள். நான் சிரித்தபடி நின்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சாப்பாடு முடிந்ததும் கணேசன் வந்தார். "நேரமில்ல மா, டத்தோவுக்கு வேற நிகழ்ச்சி இருக்கு. நீ எழுதினத எனக்கு வாட்ஸாப்ல அனுப்பிடு, நான் படிச்சிக்கிறேன்."

"பரவால்ல அங்கிள்" என்றாள். ஒரு துளி கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடற்கரைக்குப் போனோம். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் அலையில் நின்றாள். கெரோபோக், அதான் மீன் அப்பளம், ஒரு பை வாங்கினோம், ஐந்து வெள்ளி. பக்கத்தில் பாய் விரித்திருந்த மலாய்க்கார அம்மா, "கல்யாணத்துக்கு வந்தீங்களா?" என்று மலாயில் கேட்டார். "வேலை கேட்டு வந்தோம், கிடைக்கல" என்றாள் தர்ஷினி. இருவரும் சிரித்தார்கள்.

திரும்பும்போது நான்தான் சொன்னேன். "எனக்குச் சொல்லு, அந்தப் பத்து நிமிஷத்த."

பாலம் வருவதற்குள் சொல்லி முடித்தாள். ஒரே ஃபேக்டரிக்கு ஐந்து பேருடைய வேன் பாதி காலியாகப் போவதையும், டிரைவர்கள் ஏன் வேலையில் நிலைப்பதில்லை என்பதையும், சேர்ந்து ஓடினால் யார் வேன் எந்த வழி போக வேண்டும் என்பதையும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். இத்தனை வருஷம் வேன் ஓட்டிய எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை.

"நல்லா இருக்கு கண்ணு. இப்ப என்ன செய்யப் போற?"

"நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறேன், பாட்டி."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நீங்கள் போவதாக இருந்தால்: டோல் அட்டையில் போக வர தாராளமாகப் பணம் போட்டு வையுங்கள். பெட்ரோலை மாசாயிலேயே நிரப்புங்கள். வருஷக் கடைசி மழைக்காலத்தில் அலை மோசம், சிவப்புக் கொடி கண்டால் இறங்காதீர்கள். ஞாயிறு மாலை உலு திராம் பக்கம் நெரிசல், நான்கு மணிக்கு முன் கிளம்பிவிடுங்கள். சங்கக் கூட்டத்துக்குப் படித்த பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று: எத்தனை மணிக்குப் பேசவிடுவார்கள் என்று முன்பே கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பிள்ளையை நேராகக் கடலுக்குக் கூட்டிப் போங்கள். என்ன உடுத்தச் சொல்வது என்பதில் நான் வாய் திறக்க மாட்டேன்.

மறுநாள் சங்கத்து வாட்ஸாப்பில் படங்கள் வந்தன. "இளையோர் திரளாகப் பங்கேற்ற விழா" என்று மேலே எழுதியிருந்தது. என் படத்தின் ஓரத்தில் தட்டின் விளிம்பும் நான்கு விரலும் மட்டும் தெரிந்தன. அதற்குக் கீழே நான் எழுதினேன்: "மூன்று வேன் விற்பனைக்கு."

முதல் போன் கணேசனிடமிருந்துதான்.

"அக்கா, நான் எடுத்துக்கறேன். அந்தப் போன்ல வேன் எங்க வருதுன்னு காட்டுதே, அதுவும் சேத்துத்தானே? அதை யாரு நமக்குச் சொல்லிக் கொடுப்பா?"

"அதச் சொல்லிக் கொடுக்கத்தான் தம்பி அன்னிக்கு வந்தா" என்றேன். "நீங்க அவ கையில தட்டக் கொடுத்தீங்க."