நான்கு நிமிடப் பாட்டும் சாமிப் பெட்டியும்

என் பாட்டு ஒன்றால் என் அண்ணனின் வலது கை போனது. இத்தனை வருடத்தில் இதை இப்படி நேராக நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் என் பழைய பாட்டுகளைத் திரும்ப வெளியிடலாம் என்று முடிவு செய்தேன். நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடிய பாட்டுகள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டேப் ரெக்கார்டரில் பதிந்து, மதுரையில் நான் வேலை பார்த்த கேசட் கடையிலேயே பிரதி எடுத்து, திருவிழாக் கடைகளுக்குக் கொடுத்தோம். இப்போது இணையத்தில் என் புதுப் பாட்டுகளைக் கேட்பவர்கள் சிலர், பழையவையும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஒத்தக்கடையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் நண்பரிடம் பதினொரு கேசட்டுகளைப் பையோடு கொடுத்தேன். அதில் ஒன்றை நானே இருபது வருடமாகப் போட்டுக் கேட்டதில்லை. அதைத் தனியாக எடுத்து வைக்கத்தான் நினைத்தேன். எடுத்து வைக்கவில்லை.

மூன்றாம் நாள் நண்பர் போன் செய்தார்.

"அண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. நாடா கசங்கிக் கெடந்துச்சுல்ல, ஒரு சினிமாப் பாட்டு லேபிள் ஒட்டுன கேசட்டு, அதுல உங்க பாட்டு முடிஞ்சப்புறம் என்னமோ இருக்கு. யாரோ கத்துறாங்க. வெட்டவும் பயமா இருக்கு, விடவும் பயமா இருக்கு."

அன்றைக்கே பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர் எழுமலைக்குப் பக்கம். எங்கள் குலசாமிக்குச் சிலை கிடையாது, பெட்டிதான். சாமியின் துணிமணி, சலங்கை, அரிவாள் எல்லாம் அந்த மரப்பெட்டிக்குள் இருக்கும். பெட்டி எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் முதல் மரியாதை. அதைத் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகிற உரிமையும் அவர்களுக்குத்தான். அப்பா சாமியாடி என்பதால் பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது. எங்களை மேலவீடு என்பார்கள். சித்தப்பா வீடு கீழவீடு. அப்பாவுக்குப் பிறகு பெட்டி யாருக்கு என்று இரண்டு வீட்டுக்கும் நடுவில் புகைந்துகொண்டே இருந்தது.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது பூசாரியை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டு கோயில் கதவைச் சாத்தினார். சாமி இறங்கி வந்து சொன்ன வாக்கைப் பூசாரி டேப் ரெக்கார்டரில் பதிந்தார். அப்பா செத்த பிறகு வருகிற மாசித் திருவிழாவில், பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் அதைப் போட்டுக் கேட்க வேண்டும், அதுவரை யாரும் கேட்கக்கூடாது என்பது கட்டளை. பதிவதற்குப் புதுக் கேசட் கிடைக்காமல், வீட்டில் கிடந்த சினிமாப் பாட்டு கேசட்டையே எடுத்திருந்தார்கள். மேல் லேபிளைக்கூடக் கிழிக்கவில்லை. அம்மா அதைப் பழைய கேசட்டுகளோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தார். எது அந்தக் கேசட் என்று அம்மாவுக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும். அண்ணன் நினைத்திருந்தால் எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அப்பா ஆடியில் போனார். பூசாரி ஐப்பசியில் போனார். நான் மதுரையிலிருந்து தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனேன்.

அப்போது என் தலைக்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உசிலம்பட்டி பஸ்ஸில் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. இரவல் வாங்கிய சின்னக் கீபோர்டைக் கொண்டுவந்திருந்தேன். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானம், டிரங்குப் பெட்டியைத் திறந்து கைக்கு வந்த சினிமா கேசட்டை எடுத்து, முதலில் இருந்து ஓட்டி, என் பாட்டைப் பதிந்தேன். நான்கு நிமிடம். பாட்டு மட்டும் ஒரு தடவை போட்டுக் கேட்டேன். நன்றாக வந்திருந்தது. அப்படியே ரெக்கார்டரில் விட்டுவிட்டு அவசரமாகப் பஸ்ஸுக்கு ஓடினேன். அதில் நான் பதிந்தது தெரியாமல் அம்மா அதை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்.

மாசியில், சிவராத்திரிக்கு மறுநாள் மத்தியானம், கோயில் முன்னால் நூறு பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். பொங்கல் வைத்த அடுப்புகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. அண்ணன் மடியிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்தார். லேபிளைப் பார்த்ததும் நான் பாட்டுப் பதிந்த கேசட் அதுதான் என்று தெரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் பத்தடி தூரம்தான். அத்தனை கூட்டத்தில் நான் எழுந்து நிற்கவில்லை.

மைக் செட்காரர் கேசட்டை முதலில் இருந்து போட்டார். பனைமரத்தில் கட்டிய குழாயில் முதலில் கீபோர்டு தாளம் வந்தது. பிறகு என் குரல்.

"கடைசி சீட்டு ஜன்னலோரம் கனகாம்பரம் ஆடுது..."

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சித்தப்பா மகன் எழுந்து நின்றான். அவனுக்கும் அண்ணனுக்கும் ஒரே வயது, ஒன்றாகக் கபடி ஆடியவர்கள்.

"என்னப்பா, சாமி பஸ்ஸேறி உசிலம்பட்டிக்குப் போயிருச்சா?" என்றான்.

கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, சிரித்தவர்களும் நிறுத்தினார்கள்.

"தம்பிய வச்சு வாக்க அழிச்சுட்டியேடா! பெட்டி எங்களுக்குன்னு தெரிஞ்சுதானடா அழிச்ச?" என்று சித்தப்பா மகன் அண்ணனைப் பார்த்துக் கத்தினான்.

"எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமாத் தெரியாது" என்றார் அண்ணன்.

சித்தப்பா மகன் என் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். "டேய், நீ சொல்லுடா. உங்கண்ணன் சொல்லித்தான அழிச்ச? சொல்லு. வாயத் தொறடா."

மூன்று முறை கேட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். வேறு எதற்காகவும் இல்லை, அத்தனை கண்களைப் பார்க்க முடியாமல்தான் குனிந்தேன். ஆனால் யாரோ பின்னாலிருந்து, "அந்தா தலைய ஆட்டிட்டான்ல" என்று கத்தினார்கள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

முதல் அடி சவுக்குக் கட்டையால் அண்ணனின் தலையில் விழுந்தது. மேலவீட்டு ஆள் ஒருவர் மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி வீசினார். அது சித்தப்பாவின் வாயில் பட்டு ரத்தம் கொட்டியது. பொங்கல் பானைகள் உடைந்து சுடுசோறு தரையெல்லாம் சிதறியது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். குழாயில் என் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது சரணம் தொடங்கும்போது யாரோ கேசட்டை உருவி, நாடாவைக் கொத்தாக இழுத்துக் கருவேலம் புதரில் எறிந்தார்கள். சத்தம் நின்றதும்தான் அண்ணன் கத்துவது எனக்குக் கேட்டது. நான்கு பேர் அவரைக் குப்புறப் போட்டு அழுத்தியிருந்தார்கள். "இந்தக் கைதானடா பெட்டியத் தொட்டுத் தூக்குது?" என்று கேட்டுக்கொண்டே, அடுப்புக்கல்லைத் தூக்கி அண்ணனின் வலது கைமேல் போட்டான் சித்தப்பா மகன். கரி பிடித்த, சூடு ஆறாத கல். ஒரு முறை இல்லை. நான் எண்ணவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். மணிக்கட்டு மடங்காது என்றார்கள். நான் கட்டில் பக்கம் போனதும் அண்ணன் இடது கையால் என்னை ஓங்கி அறைந்தார். ஏன் அழித்தாய் என்று கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. அதன் பிறகு என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். இரண்டு பக்கமும் கேஸ் போட்டு, இரண்டு பக்கமும் உள்ளே போய் வந்தார்கள். கையைக் கொடுத்து வாங்கிய பெட்டியை விடமாட்டேன் என்று அண்ணன் பெட்டியை வைத்துக்கொண்டார். கீழவீட்டார் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய்த் தங்கள் தோட்டத்திலேயே தனியாகச் சாமி கும்பிட்டார்கள்.

புதரிலிருந்து கேசட்டைப் பொறுக்கி, பென்சில் விட்டு நாடாவைச் சுற்றி வைத்தது நான்தான்.

நண்பர் ஹெட்போனைக் கொடுத்தார். பாட்டு முடிந்தது. கிளிக் என்று ஒரு சத்தம். பிறகு உடுக்கை. அப்பா மூச்சு வாங்குவது கேட்டது. சாமி இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த உடுக்கைச் சத்தத்தில் முதல் நான்கு நிமிடத்தைத்தான் என் பாட்டு அழித்திருக்கிறது. வாக்கு முழுசாக அப்படியே இருந்தது.

"பெட்டி கீழவீட்டுக்குப் போகட்டும். எம்மகன் சொமந்துட்டுப் போயி எறக்கி வைக்கட்டும்."

"அண்ணே, பாட்டு முடிஞ்சதும் சத்தத்தக் கொறச்சு வெட்டிரவா?" என்றார் நண்பர். "பாட்டு நல்ல பாட்டு. பின்னாடி இது வந்தா கேக்குறவன் பயந்துருவான்."

வெட்டினால் அண்ணன் வீட்டில் பெட்டி இருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அதைப் போனில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

அண்ணன் ஆட்டுக்கு அகத்திக் குழை கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இடது கையால் முடிச்சுப் போடுவார். என்னைப் பார்த்தும் கட்டுவதை நிறுத்தவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நீ சொல்லி நான் அழிக்கல. எனக்கே தெரியாம அழிச்சேன். அத எந்திரிச்சுச் சொல்லாம நின்னுட்டேன்."

கயிற்றை வாயிலிருந்து எடுத்தார். "இம்புட்டு வருசம் கழிச்சு இதச் சொல்லவா பஸ்ஸேறி வந்த?"

"இதக் கேளுண்ணே."

முழுவதும் கேட்டார். அப்பா குரல் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும் எழுந்து, ஆடு விரட்டும் கம்பை எடுத்தார். முதல் அடி தோளில். இரண்டாவது காதோரம். கீழே விழுந்த பிறகும் முதுகிலும் தொடையிலும் அடித்தார். இடது கையால் அடிக்க நன்றாகப் பழகியிருந்தார். மதினி ஓடிவந்து கம்பைப் பிடித்துத் தொங்கினார்.

"விடுடி! நாலு நிமிசம்டி! நாலு நிமிசம் பாட்ட ஓட விட்டுருந்தா நானே பெட்டியக் கொண்டுபோயி எறக்கி வச்சிருப்பேன். எங்கையி எங்கிட்ட இருந்திருக்கும். இந்த நாயி ஒரு வார்த்த, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்னு சொல்லிருந்தா..."

கம்பு இரண்டாக ஒடிந்தது. அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு காது அடைத்திருந்தது, கண்ணில் மண் விழுந்திருந்தது.

மறுநாள் காலையில் அண்ணன் குளித்துவிட்டு வந்து பெட்டியைத் தலையில் ஏற்றினார். இடது கையால் பிடித்து, வலது மணிக்கட்டால் முட்டுக் கொடுத்துக்கொண்டார். நான் தாங்கப் போனேன். "தொடாத. பின்னாடி வா" என்றார்.

பெட்டி வருவதைப் பார்த்ததும் கீழவீட்டு நாய்கள் குரைத்தன, பிள்ளைகள் கத்தினார்கள். சித்தப்பா மகன் அரிவாளோடு வெளியே வந்தான். சித்தப்பா செத்து ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. அவர் சாவுக்கு நாங்கள் யாரும் போகவில்லை.

"எதுக்குடா பெட்டியோட என் வாசலுக்கு வந்த? என்ன வம்பு இழுக்க வந்த?"

அண்ணன் பெட்டியை இறக்கி வைத்தார். "வெட்டுறதுன்னா வெட்டு. ஆனா பாட்டு முடிஞ்சப்புறம் வெட்டு" என்றார். என் பக்கம் திரும்பி, "போடு" என்றார்.

வெயிலில் நின்று முழுப் பாட்டையும் கேட்டோம். அந்த நான்கு நிமிடத்தைப் போல நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. சித்தப்பா மகன் ஒருமுறை, "என்னடா இது, அதே பாட்டு" என்று முன்னால் வந்தான். அண்ணன் கையை உயர்த்தினார். இரண்டு விரல்களோடு இருந்த அந்தக் கையைப் பார்த்ததும் அவன் நின்றுவிட்டான். உடுக்கை வந்தது. அப்பா குரல் வந்தது.

முடிந்த பிறகு அவன் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"அன்னைக்கு ஓங்கிட்ட எத்தன வாட்டி கேட்டேன்?"

"மூணு வாட்டி."

"எங்கப்பன் சாகுற வரைக்கும் பெட்டி பெட்டின்னு பொலம்புனாருடா." அரிவாளின் பின்பக்கத்தால் என் வாயில் அடித்தான். முன்பல் இரண்டு உடைந்து நாக்கில் விழுந்தன. மடங்கி உட்கார்ந்தவனை மார்பில் மிதித்தான். அண்ணன் குறுக்கே வரவில்லை. இன்னொரு மிதிக்குக் காலைத் தூக்கியபோதுதான், "போதும்ப்பா" என்றார்.

சித்தப்பா மகன் அரிவாளைக் கதவு நிலையில் ஓங்கிக் கொத்திவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தான். கையை நீட்டினான், தொடாமல் எடுத்துக்கொண்டான். "பெரியப்பா கொரல் அப்படியே இருக்கு. எனக்கு அத அனுப்பச் சொல்லுப்பா" என்று அண்ணனிடம் சொன்னான்.

"எந்த எடத்துல இருந்து?" என்று நான் கேட்க வாயைத் திறந்தேன். ரத்தம்தான் வந்தது.

அண்ணன்தான் சொன்னார். "பாட்டோட சேத்தே அனுப்பு. ஊருக்கு விடுறதயும் அப்படியே விடு. ஒண்ணயும் வெட்டாத."

வேட்டி முனையால் போனைத் துடைத்தேன். சித்தப்பா மகன் நம்பரைச் சொல்லச் சொல்ல, அழுத்தினேன்.